சதுப்புக்காட்டுக்கு எந்தத் தோட்டா?

மிச்சிகனின் வடகோடியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள் இர்மா கொஸ்கெலா. சாலையில் ஊரே அவளுக்கு ஒதுங்கி வழிவிடும். கணவன் வெர்னரின் மான்வேட்டைக் குடில் மட்டும் வழிவிடவில்லை. அவன் செத்த பிறகு அங்கே அந்தக் கட்டில் காலியாகவே கிடந்தது.

"சமைச்சு வச்சுட்டு பொழுதோட வீட்டுக்குப் போயிடுங்க அண்ணி" என்பான் கொழுந்தன் ரெய்னோ.

இரண்டு வேட்டைப் பருவம் வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். இந்த நவம்பரில் துப்பாக்கியோடு வந்து நின்றாள்.

"மான் விழுந்தா அவரு கட்டில் எனக்கு. குறி தப்புனா எல்லாருக்கும் பண்ற மாதிரி என் சட்டையோட பின்பக்க வாலையும் வெட்டி சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ரெய்னோ அவள் கையிலிருந்த தோட்டாவை எட்டிப் பார்த்தான். மழுங்கின மூக்குள்ள பழைய தேர்ட்டி-தேர்ட்டி ரகம்.

"இதென்ன அண்ணி, அணில் அடிக்கவா? என் மேக்னம் தோட்டாவப் பாருங்க, எவ்வளவு பெருசு. தூரத்து மலையில நிக்கிறதையும் சாய்க்கும்."

"இங்க ஏதுப்பா மலை? இந்த தேவதாருக்குள்ள அம்பது கஜத்துக்கு மேல கண்ணே தெரியாது. கிட்ட நின்னு உன்னோடதால சுட்டா பாதிக் கறி கந்தலாயிடும். நான் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடணும்."

மறுநாள் காலை, ரெய்னோ இருந்த பக்கம் காடே அதிர வெடித்தது. போச்சு, முந்திக்கொண்டான் என்று இர்மா நினைத்தாள். அடுத்த நொடி கிளைகளை முறித்துக்கொண்டு ஒரு ஆண் மான் பாய்ந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றது. மூச்சை அடக்கிச் சுட்டாள். நாலு தாவு தாவி விழுந்தது.

ரெய்னோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"மூக்குக்கு நேரா நின்னுச்சு அண்ணி. தூரத்துக்குன்னு துப்பாக்கியில மாட்டுன கண்ணாடியில அதோட முடிதான் தெரிஞ்சுது. எது தலை, எது வாலுன்னே புரியல. மரத்தைச் சுட்டுட்டேன்."

"மரமாவது விழுந்துச்சா?"

"அதுவும் விழல."

அன்று மாலை அவனுடைய புதுக் கம்பளிச் சட்டையின் வாலை இர்மாவே வெட்டினாள். குடிலில் இருந்த வேட்டைக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. முதுகில் குளிர் அடிக்க வெளியே போன ரெய்னோ, அவள் வண்டியிலிருந்த படுக்கைச் சுருளைத் தூக்கி வந்து வெர்னரின் கட்டிலில் விரித்தான். இர்மா அடுப்பைப் பார்த்தாள்.

"கிழங்கு கொதிக்குதுப்பா."

"நான் பாத்துக்கறேன். நீங்க உக்காருங்க."