பனிக்கடியில் மீன், பாளையங்கோட்டையில் மௌனம்

மச்சினன் கனடாவில் இருக்கிறான். ஒரு ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் வந்தான். உறைந்த ஏரியில் துளை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு சோனார் கருவி. பனிக்கடியில் மீன் எப்படி அசைகிறதோ, அப்படியே அந்த நொடியில் திரையில் காட்டுமாம். போனை அதன் பக்கம் திருப்பினான். எனக்கு ஸ்கேன் சென்டரில் வயிற்றுப் பிள்ளையைக் காட்டுவது போலத்தான் இருந்தது.

கலங்கலாக ஒரு மீன் வந்து இரையை முகர்ந்தது. என் மனைவி ஏரல்காரி. ஆற்றில் தூண்டில் போடுகிறவன் பக்கத்தில் நின்று பேசினால் அடிக்க வருகிற ஊர். அடுப்படிக்கு ஓடி மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"சத்தம் காட்டாதீங்க, மீன் ஓடிரும்" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"மீன் கனடாவுலல்லா கெடக்கு!"

முறைத்தாள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்து தொலைத்தது. திரையில் இருந்த மீன் விருட்டென்று மறைந்தது.

"பாத்தீங்களா? நீங்க தும்முனீங்கல்லா!"

அடுத்த மீன் வரும்வரை சொந்த வீட்டில் திருடன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக ஒன்று மாட்டியது. மச்சினன் அதைத் தூக்கிக் காட்டினான், போட்டோ எடுத்தான், மறுபடி துளைக்குள்ளேயே விட்டுவிட்டான்.

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, திருப்பி விடுறதுக்கா எங்களை இம்புட்டு நேரம் வாயை மூடிட்டு இருக்க வச்ச?"

அந்தக் கோபத்திலும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். திரையில் இன்னொரு மீன் வந்துகொண்டிருந்தது.