முப்பத்திரண்டாவது தாலி

கோமளாக்காவின் விரல்கள் பொல்லாதவை. வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறாள். துணிக்குள் முறிந்த ஊசித் துண்டு கிடந்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் துண்டை டேப் போட்டுத் தாளில் ஒட்டித் தேதி எழுதுவது கம்பெனி விதி. ஒன்று குறைந்தாலும் மொத்த லாட்டையும் பிரித்துத் தேட வேண்டும்.

அந்த விரல்களுக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசு வேலைத் தேர்வு எழுத வரும் பெண்களைச் சோதிக்க அவளைக் கூப்பிட்டார்கள். அரசுப் பள்ளி வாசலில் மேசை. தாலி, சிலுவை, தாயத்து, கயிறு, குண்டூசி எதுவும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. காப்பியடிக்கிறார்கள், என்ன செய்வது என்றார் அதிகாரி. நியாயம்தான். ஆனால் கழற்றச் சொல்லும் பாவத்தை அக்கா தலையில் கட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கழற்றியதையெல்லாம் ஊசித் துண்டு மாதிரியே தாளில் ஒட்டி நம்பர் எழுதி, அதே நம்பரை ஒரு சீட்டில் கொடுத்தாள் அக்கா. நதியா என்ற பெண் முக்காட்டின் குண்டூசிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, துணியை ஒரு கையால் பிடித்தபடி உள்ளே போனாள். மூன்று மணி நேரம் ஒற்றைக் கையால் எப்படிப் பரீட்சை எழுதுவாள் என்று அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எட்டு ஐம்பதுக்குக் கிருத்திகா வந்தாள். கல்யாணமாகி நாற்பது நாள். அவள் தாலியைக் கழற்றக் கை வைத்ததும் மாமியார் தெய்வாத்தாள் குறுக்கே வந்துவிட்டார்.

"எம் பையன் லாரியில போயிருக்கறானுங்க. இன்னைக்குப் போயி எறக்கறதுங்களா? மஞ்சக் கெழங்கு கோத்த கயிறாச்சும் கெடக்கட்டுங்க."

"கயிறும் ஆகாதாமுங்க" என்றாள் அக்கா.

"அத்தை, இந்த வருசம் உட்டா எனக்கு வயசு தாண்டிப் போயிருமுங்க" என்று அழுதாள் கிருத்திகா.

தெய்வாத்தாள் அக்காவிடம் திரும்பினார். "சுளுவாச் சொல்லிப்போட்டீங்க. உங்க கழுத்துல கெடக்கறதக் கழட்டுவீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. கணவர் கன்னையனுக்குப் போன மாதம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. தாலியைக் கழற்றித் தாளில் ஒட்டினாள். தெய்வாத்தாள் வழியை விட்டு விலகினார். கிருத்திகா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

உடனே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கலாம். அந்தம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கையில் அது ஏமாற்று வேலையாகப் பட்டது.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பத்தே காலுக்கும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கழுத்தைத் தடவினாள், மறுபடி எழுந்தாள். ஓடிவிடலாம் என்றால் தாளில் அவளுடையதோடு முப்பத்திரண்டு தாலி. யாரை நம்பி விட்டுப் போவது?

"யாருக்குங்க கூப்படறீங்க?" என்று கேட்டார் தெய்வாத்தாள்.

கணவருக்கு ஸ்டென்ட் வைத்ததையும் போனை எடுக்காததையும் சொன்னாள் அக்கா. தெய்வாத்தாள் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியாமப் போச்சு சாமி. மொதல்ல கட்டிக்குங்க." டேப்பைப் பிரித்து அவரே தாலியை எடுத்தார்.

"இருங்க. அவரு போனை எடுக்கட்டும்."

ஆகாதது ஆகியிருந்தால் கட்டி என்ன பயன் என்று அக்கா நினைத்தது அந்தம்மாவுக்கும் புரிந்தது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது தடவை போன் போட்டார்கள்.

மணியடித்துப் பெண்கள் வெளியே வரும் நேரத்தில் போன் அடித்தது.

"சைலண்டுல கெடந்துருச்சு, தூங்கிட்டேன்" என்றார் கன்னையன். "கொழம்பு எங்க வெச்சிருக்கற?"

"பிரிட்ஜுல, கீழ்த் தட்டுல" என்றாள் அக்கா. அதற்குள் அழுகை வந்துவிட்டது. மேசையைச் சுற்றி நம்பர் சீட்டோடு நின்ற பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"இப்பக் கட்டுங்க" என்று தெய்வாத்தாளுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.