பத்தே முக்கால் மினி பஸ்

எனக்கு பஸ் பைத்தியம். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வரும், எந்த டிப்போ, எங்கெங்கே நிற்கும், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருஷத்தில் அந்த நோட்டைக் கண்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்டக்டராவா ஆவப்போற? படிச்சதுக்கு எதுனா பாருடி."

அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்த அக்காதான் ஒரு பௌர்ணமியன்று காலை பத்து மணிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து போன் பண்ணினாள். அரசு வேலைக்கு அன்று சான்றிதழ் சரிபார்ப்பு. வருஷக்கணக்கில் பரீட்சை எழுதி எழுதி, இப்போதுதான் அதுவரை வந்திருந்தாள்.

"டிகிரி ஒரிஜினலைக் காணோம்டீ. நேத்து ஜெராக்ஸ் மிஷின்லயே விட்டுட்டேன் போல. பன்னெண்டரைக்குள்ள காட்டணுமாம்."

ஓடினேன். ஜெராக்ஸ் கடை பாய் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். "எப்படிம்மா போவ? திதி காலையிலேயே பொறந்துடுச்சு. கிரிவலக் கூட்டம், பஸ்ஸெல்லாம் டவுனுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. அங்கேருந்து வேங்கிக்கால் வரைக்கும் கூட்டத்துல நீந்தணும்."

ஸ்கூட்டரை அப்பா எடுத்துப் போயிருந்தார். போனில் மேப்பைத் திறந்தால் டவுனைச் சுற்றி ஒரே சிவப்பு. அதற்குப் பெரிய ரோடுகள்தான் தெரியும். பத்தே முக்கால் மினி பஸ்ஸைத் தெரியாது. கிராமம் கிராமமாகப் புகுந்து, டவுனுக்குள் நுழையாமலேயே, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேலூர் ரோட்டில் போய் ஏறும் வண்டி அது. ஒரே ஒரு தடவை, சும்மா, அதில் கடைசி வரை போயிருக்கிறேன்.

"அந்த மினி பஸ்ஸா?" என்றார் பாய். "அதைவிட எருமை ஜாஸ்தி வேகமா போவும்."

சரியான நேரத்துக்கு வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. நான் எழுதி வைத்து ஒரு வருஷமாகிறது, ரூட்டை மாற்றியிருந்தால்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியே எட்டிப் பார்த்தேன்.

"உக்காரும்மா," என்றார் கண்டக்டர். "நீ நின்னா வண்டி சீக்கிரம் போயிடுமா?"

பாதி வழியில், ஒரு கூட்டுரோட்டில், டிரைவர் டீ குடிக்க இறங்கினார். 'டீ, ஏழு நிமிஷம்' என்று நோட்டில் இருக்கிறது. எழுதும்போது வேடிக்கையாக இருந்தது. அன்று ஒன்பது நிமிஷம் ஆயிற்று. எட்டாவது நிமிஷத்தில் அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வேங்கிக்கால். கேட்டிலேயே நின்றிருந்த அக்கா சான்றிதழ் கவரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். முக்கால் மணி நேரம் கால் மாற்றி மாற்றி நின்றேன். வெளியே வந்தவள் என் பாட்டிலை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"பாத்துட்டாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க." அப்புறம், "வீட்டுக்கு எந்த பஸ்டீ?"

"தெரியலக்கா. போறதை மட்டும்தான் எழுதியிருக்கேன். அன்னிக்கு டவுன் வழியா வேற வண்டியில திரும்பிட்டேன்."

"அரைகுறை."

ரோட்டுக்கு வந்தோம். அவள் நிழலைத் தேடினாள். நான் மணியைப் பார்த்தேன்.