கூலர் நொஸ்ரத்தும் கல்நெஞ்சக்காரியும்

என் தம்பி நொஸ்ரத் எத்தனை முறை செத்தான் என்று எனக்குக் கணக்கே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஹெஷ்மத் வீட்டில் கூடும் கவிதைக் கூட்டத்தில் வாராவாரம் சாவான். காதலியின் தெருவில் மண்ணாகிச் சாவான். அவள் இமை அம்பாகத் தைத்துச் சாவான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சாவான், திரும்பிப் பார்த்துவிட்டாள் என்றும் சாவான். வெள்ளிக்கிழமை காலையில் என் சமையலறை வாசலில் வந்து நின்று ரொட்டி கேட்பான்.

"டேய், நேத்துதானே செத்த? செத்தவனுக்கு எதுக்குடா ரெண்டாவது ரொட்டி?"

"கவிதை தெரியாதவகிட்ட என்னத்தப் பேச. டீ நல்லா செவக்கட்டும்க்கா."

நான் எஃபத். அவனுக்கு மூத்தவள். கணவர் போன பிறகு அவன் வீட்டு மாடிக்குக் குடி வந்தேன். கல்யாணமே செய்துகொள்ளாத அவனுக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டுமே. கவிதை எனக்குத் தெரியாது என்று அவன் சொல்வதெல்லாம் சும்மா. கவிஞர்கள் ஊரான இந்த ஷீராஸில் பிறந்துவிட்டுக் கவிதை தெரியாமல் இருக்க முடியுமா? பேரம் பேசும்போதுகூட இங்கே ஒரு அடி சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள். ஆனால் எதை எங்கே சொல்லலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குத்தான் என் தம்பிக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

மெஹ்ரங்கீஸைப் பெண் கேட்கப் போன நாளைச் சொன்னால் உங்களுக்கே புரியும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண். அம்மாவும் நானும் அவனும் பூங்கொத்தும் மிட்டாய்ப் பெட்டியுமாய்ப் போனோம். அந்தக் குளிர்காலத்தில்தான் மெஹ்ரங்கீஸின் அக்கா புருஷன் விபத்தில் இறந்திருந்தான். அக்காக்காரி கறுப்பு உடுத்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாக்காரர், "தம்பி என்ன வேலை பாக்குது?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து மெஹ்ரங்கீஸ் டீத் தட்டோடு உள்ளே வந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளை என்ன செய்தான்? எழுந்து நின்றான், நெஞ்சில் கை வைத்தான், கவிதை சொன்னான். உன் வாசலில் உயிரை விட வந்திருக்கிறேன், என் சவத்தைத் தாண்டி நீ ஒரு அடி நடந்தால் அதுவே எனக்குப் போதும் என்று.

அவள் அம்மா "யா அல்லா!" என்று கத்திக் கையைக் கடித்துக்கொண்டாள். மூலையில் இருந்தவள் எழுந்து உள்ளே ஓடினாள். அப்பாக்காரரும் தினம் சாயங்காலம் கவிதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற மனிதர்தான். அதனால் என்ன, மாப்பிள்ளை வாயால் அதைக் கேட்க அவரால் முடியவில்லை. "ஏற்கெனவே ஒரு பொண்ணு கறுப்பு கட்டி உக்காந்திருக்கு. இன்னொண்ணையும் உக்கார வைக்கலாம்னு வந்தீங்களா?" என்றார். நாங்கள் டீயைத் தொடாமல் எழுந்து வந்தோம். வழியெல்லாம் அம்மா அவனைத் திட்டினாள். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் காலில் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்ததுகூடத் தெரியாமல் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். அடுத்த கவிதை ஆரம்பமாகிவிட்டது.

மெஹ்ரங்கீஸை ஒரு இரும்புக் கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். நொஸ்ரத் கூலர் மெக்கானிக் ஆனான். வெயில் தலைகாட்டும்போது ஊரே அவனைத் தேடும். மொட்டை மாடியில், நனைந்த வைக்கோல் வழியாகக் காற்றைக் குளிர்வித்து வீட்டுக்குள் அனுப்பும் கூலரைத் திறந்து, பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுப் புதிதாகத் திணித்து, பெல்ட்டை இறுக்கி, தண்ணீர் விட்டுப் பார்ப்பான். வருஷத்துக்கு ஒருமுறை மெஹ்ரங்கீஸ் வீட்டு மாடியிலும் ஏறுவான். இரும்புக் கடைக்காரருக்குப் பழைய கதை தெரியாது, இல்லை தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை. அவள் எலுமிச்சை சர்பத் கொண்டுவந்து படிக்கட்டில் வைப்பாள். இவன் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவான். அவ்வளவுதான் இருவருக்கும் நடுவில் இருந்தது. அந்த ஒரு டம்ளர் சர்பத்தை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க எழுதுவான். எழுதுவதெல்லாம் ஒரே பாட்டு. அவள் கல்நெஞ்சக்காரி. அவள் கொலைகாரி. கொன்ற கையைக் கழுவக்கூட மாட்டாள்.

"ஏன்டா, சர்பத் குடுத்தவள இப்படித் திட்டற?"

"கவிதைல காதலி அப்படித்தான்க்கா இருப்பா. கருணை காட்டினா அவ என்ன காதலி?"

இதைக் கேட்டு எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்!

இரும்புக் கடைக்காரர் காலமானபோது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. வருஷ நினைவு முடிந்தபின் நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். "இப்பப் போய்க் கேளுடா. தடுக்க யாரும் இல்ல. மகன் தெஹ்ரான்ல இருக்கான், அம்மாவுக்குத் துணை கிடைச்சா அவனுக்கும் நிம்மதி." கேட்கிறேன் என்றான். வெயில் சீசன் முடியட்டும் என்றான். நோன்பு முடியட்டும் என்றான். கடைசியில், "அவ மாட்டேம்பாக்கா, எனக்குத் தெரியும்," என்றான். கேட்காமலே தெரியுமாம்! அப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு இருமல் வந்தது. மாடித் தூசியும் வைக்கோல் தூளும் சிகரெட்டும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தெருவெல்லாம் நாரத்தைப் பூ மணக்கிற நாட்கள் அவை. அவன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு கிடந்தான். கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னான்.

"அக்கா, அவ ஒரு தடவை வரணும். அவ முகத்தப் பாத்துக்கிட்டே போயிடணும். வேற ஒண்ணும் வேணாம்."

ரொட்டியும் டீயும் தவிர வாழ்க்கையில் அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மெஹ்ரங்கீஸ் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"நான் வரல எஃபத் அக்கா."

"சாகக் கிடக்கறான் மெஹ்ரங்கீஸ்."

"அவர் எப்பதான் சாகக் கிடக்கல?"

வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் காயைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் கேட்டாச்சா? நல்லது. எங்க வீட்டுக்காரர் போன மறு வருஷம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? இந்த முட்டிவலியோட மாடி ஏறி, நல்லா ஓடிக்கிட்டிருந்த கூலர்ல பெல்ட்ட என் கையாலயே கழட்டி விட்டேன். ஆள் அனுப்பி வரச் சொன்னேன். வந்தார். மாட்டினார். சர்பத் குடிச்சார். 'வேற ஏதாவது சொல்லணுமா?'ன்னு கேட்டேன். 'பம்பையும் ஒரு தடவ பாத்துடறேன்'னார். அந்த வாரமே கூட்டத்துல படிச்சாராம், காதலி ஒரு வார்த்த பேச மாட்டா, கல்லுன்னு. ஹெஷ்மத் பொண்டாட்டி என்கிட்டயே வந்து சொன்னா, யாரப் பத்தின்னு தெரியாம. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

"நீயாவது வாயத் திறந்து கேட்டிருக்கலாமேம்மா," என்றேன் மெதுவாக.

"பெல்ட்டக் கழட்டினேனே அக்கா. அடுத்த வருஷமும் கழட்டினேன். ஒரு பொம்பள வேற எப்படிக் கேக்கறது?" முக்காட்டு முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊர் முழுக்க என்னைக் கொலைகாரின்னு படிச்சார். 'வா, சேந்து உக்காந்து சாப்பிடலாம்'னு ஒரு நாள் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். இப்பப் போய் அவர் மூச்சு விடறப்போ தலமாட்டுல நிக்கணும். ஏன்னா கவிதைல அப்படித்தான் வருது. என்னால முடியாது."

திரும்பி வரும் வழியில் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசலில் என் காலடி கேட்டதும் அவன் தலையைத் தூக்கினான்.

"என்ன சொன்னா?"

"பாக்கலாம்னா."

"வரமாட்டா." அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தலையணையை எடுத்து அவன் மேல் வீசலாம் போல வந்தது எனக்கு.

ஆனால் அவள் வந்தாள். ஓரிரு நாள் கழித்து, மதிய வேளையில், கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு வந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அப்போதுதான் வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாள். நொஸ்ரத் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் அவன் தோளைத் தொட்டு எழுப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா, தூங்கட்டும். எழுப்பினா ஏதாவது கவிதை சொல்லுவார், எனக்குக் கோபம் வரும்."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்விரல்களை மூடிவிட்டாள். கடைவாயில் வழிந்ததைத் தன் முக்காட்டு முனையால் துடைத்தாள். "கிழவா," என்று கூப்பிட்டாள், அவனுக்குக் கேட்காத குரலில். பிறகு சத்தம் வராமல் அழுதாள். நான் சமையலறைக்குப் போய் டீ சமோவாரைத் துடைப்பதுபோல நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

எழுந்து போகும்போது என்னிடம் சொன்னாள்: "நாளைக்குக் காலைல வரேன். அவர முழிச்சிருக்கச் சொல்லுங்க. நான் கொஞ்சம் திட்டணும்."

சாயங்காலம் அவன் கண் விழித்தான். நான் துள்ளாத குறைதான்.

"டேய், வந்தாடா! மெஹ்ரங்கீஸ் வந்தா! இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தா!"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. என் மேல் இரக்கம்!

"அக்கா, நீ ரொம்ப நல்லவ. உனக்குப் பொய் சொல்லத்தான் வரல."

"குர்ஆன் மேல சத்தியம்டா! இந்தா பாரு, அவ கொண்டுவந்த கஞ்சி."

ஒரு கரண்டி ஊட்டினேன். விழுங்கினான். "இன்னிக்குத்தான்க்கா உனக்குச் சமையல் நல்லா வந்திருக்கு," என்றான்.

"நான் பண்ணலடா பாவி! நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்கா!"

"சாகறவன் மனசு ஆறட்டும்னு சத்தியம் பண்ணினா பாவம் இல்ல, பயப்படாத." மூச்சு வாங்கிக்கொண்டான். "அவ இந்த ரூமுக்குள்ள வந்திருந்தா நான் தூங்கியிருப்பேனா? யோசிச்சுப் பாரு. நான் தூங்கியிருப்பேனா?"

ஊசி போட்டாங்கடா என்றேன். மருந்துடா என்றேன். அவன் கண்ணை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஹெஷ்மத் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், என் தம்பி செத்த சாவுகளுக்கெல்லாம் கை தட்டியவர். அவரிடம் நொஸ்ரத் விட்டு விட்டு இரண்டு அடி சொன்னான். அவர் கண்ணீர் வழிய எழுதிக்கொண்டார். "எழுதாதீங்க, அது பொய்! அவ வந்தா!" என்று கத்தினேன். அவர் என் தம்பியைப் பார்த்தார். என் தம்பி இல்லை என்று தலையை ஆட்டினான். ஹெஷ்மத் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் டீ வைத்துவிட்டு வந்து பார்த்தேன். போயிருந்தான். கண் திறந்தே இருந்தது. நான்தான் மூடினேன்.

மெஹ்ரங்கீஸ் சூடான ரொட்டியோடு வந்தாள். திறந்து கிடந்த கதவையும் அக்கம்பக்கத்து ஜனங்களையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் வந்தத சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை. "சந்தோஷப்பட்டான்மா. ரொம்ப சந்தோஷப்பட்டான்," என்றேன். அவள் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அடக்கம் முடியும்வரை என் கூடவே இருந்து எல்லா வேலையும் செய்தாள். அவளை அவ்வளவு லேசான முகத்தோடு நான் பார்த்ததே இல்லை.

அதைப் படிக்காதீர்கள் என்று ஹெஷ்மத்திடம் இரண்டு முறை சொல்லி வைத்தேன். சரி சரி என்றார். ஆனால் நினைவுக் கூட்டத்தில் பள்ளிவாசல் நிறைய ஜனம். நண்பனின் கடைசிக் கவிதை சட்டைப்பையில் இருக்கிறது. அந்த மனிதரால் முடியுமா? திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். மெஹ்ரங்கீஸ் என்னை ஒட்டி உட்கார்ந்து இறந்தவன் பேரில் பங்கிடும் அல்வாத் தட்டைப் பெண்களுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் ஹெஷ்மத்தின் குரல் தழுதழுத்தது. "என் நண்பன் போவதற்கு முந்தின சாயங்காலம் சொன்னது," என்றார்.

*கடைசி மூச்சிலும் கண் வாசலிலேயே கிடந்தது;*
*கல்நெஞ்சக்காரி வரவில்லை. கதவைச் சாத்திவிடுங்கள்.*

அந்தப் பக்கம் ஆண்கள் "ஆகா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அவரும் படித்தார்.

எனக்கு முன்னால் இருந்த ஹெஷ்மத் பொண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "யாரோ அந்த மகராசி! சாகற மனுஷன ஒரு எட்டு வந்து பாத்திருக்கக் கூடாதா? அவளெல்லாம் பொம்பளையா?"

நான் வாயைத் திறந்தேன். மெஹ்ரங்கீஸ் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"பாத்திருக்கலாம்தான்," என்றாள் ஹெஷ்மத் பொண்டாட்டியிடம். "அல்வா எடுத்துக்குங்க."

பிறகு என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "சந்தோஷப்பட்டார்னு சொன்னீங்களே அக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையை விட்டுவிட்டு, தட்டை எடுத்து அடுத்த வரிசைக்கு நகர்த்தினாள்.