படங்குக் கயிறு

எண்பது கிலோ. இதை நினைவில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகளின் பாய்ப்படகுப் போட்டிக்கு வந்திறங்கிய படகுகளில் இருக்கையும் பட்டியும் அந்த எடையுள்ள உடம்புக்கென்று செய்யப்பட்டவை.

சுதர்ஷினி வட்டகொடைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஆட்களை மாடுகளைப் போல அடைத்துச் சென்ற தோட்டத்து லொறி வளைவில் உருண்டது. இரும்புச் சட்டமொன்று அவள் முதுகெலும்பை நொறுக்கியது. இடுப்பிலிருந்து கீழே உணர்ச்சி செத்துப்போனது. கைகள் சாகவில்லை.

ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கத்தில் கடைசிப் போட்டி. வெல்பவருக்கு நாட்டின் அணியில் இடம். அந்த ஒரே இடம் அவளுக்கு வேண்டும். ஆனால் காற்றில் படகு சரியும்போதெல்லாம் தொளதொளத்த பட்டிக்குள் அவளும் உருண்டாள். விலா படகுச் சுவரில் மோதும், பாய்க்கயிறு கைநழுவும். இதனாலேயே முந்தைய போட்டிகளில் தோற்றாள். பட்டியை மாற்றித் தரக் கேட்டாள். போட்டி நடத்துவோர் மறுத்துவிட்டார்கள்.

அன்று படங்குக் கயிற்றோடு வந்தாள். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் சாக்கை இறுக்கும் கயிறு.

பயிற்சியாளர் கஜதீபன் யாழ்ப்பாணத்துக்காரர். பதறிப்போனார்.

"உமக்கென்ன விசரே? பட்டி ஒரே இழுவையில கழரோணும். கயிறு கட்டினா, படகு கவிழேக்க தண்ணிக்குள்ள தாண்டு செத்துப்போவீர்!"

"உருண்டு உருண்டு தோத்ததே போதுங்க சேர்."

கயிற்றைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தார். அவர் முகம் திரும்பியதும் எடுத்து, இருக்கையோடு சேர்த்துத் தன் இடுப்பை இறுக்கி, மிதவை அங்கியால் மறைத்தாள்.

கடைசித் திருப்பத்தில் ஜீவராஜ் நெருக்கினான். உடப்புசல்லாவைக்காரன். ஒரு கால் இல்லை. மற்றபடி எருமை உடம்பு.

"ஏய் கொழுந்துக் கூடை, ஒதுங்குடி!"

"ஒங்கப்பன் வீட்டுத் தண்ணியாடா இது?"

அவன் படகு அவள் படகின் விலாவில் இடித்தது. பாயின் குறுக்குக் கம்பம் திரும்பி வந்து அவள் வாயை உடைத்தது. படகு சரிந்தது, தண்ணீர் மூக்குவரை ஏறியது. கயிறு விடவில்லை. அவளும் விடவில்லை. பல்லோடு இரத்தத்தைத் துப்பிவிட்டுப் பாய்க்கயிற்றை இழுத்தாள். படகு நிமிர்ந்தது. முதலில் கோட்டைத் தாண்டியது அவள்தான்.

கரையில் தூக்கப் போன கஜதீபனின் கை சிவந்தது. நனைந்து இறுகிய கயிறு இடுப்புச் சதையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. முடிச்சு அவிழாமல் கத்தியால் அறுத்தார்கள்.

போட்டி அதிகாரி கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். "கயிறு கட்டுறது விதிக்கு மாறு. வெற்றி ரத்து. சீட் எல்லாருக்கும் ஒரே அளவுதானே?"

"அளவு ஒண்ணுதாங்க. ஆளு ஒண்ணா?" என்று கத்தினாள். இரத்தம் அவர் சட்டையில் தெறித்தது. இடித்தவன் மேல் புகார் சொன்னாலும் எடுபடாது. கயிறு அவர் கையில் இருந்தது.

அணிக்கு ஜீவராஜ் போனான்.

ஆஸ்பத்திரியில் மருந்தளவு தெரிய அவளை எடை பார்த்தார்கள்.

முப்பத்தொன்பது கிலோ.