மேசை மேல் ஒரு நிலக்கரி ஊர்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் எனக்கு அடி விழுவது பெரும்பாலும் காலைச் சாப்பாட்டு மேசையில்தான். சீசா என்ற பகுதியில் நான் வீட்டோடு பராமரிக்கும் சின்யோர் நீனோவுக்கு எண்பத்தெட்டு வயது. பிறந்தது அமெரிக்காவில், மேற்கு வெர்ஜீனியா மலையிடுக்கில் ஒரு சின்ன நிலக்கரி ஊர். தினமும் அந்த ஊரை மேசையில் கட்டுவார். உப்புப் போத்தல் சுரங்க வாசல், அடுக்கிய பிஸ்கட்டுகள் சுரங்கக் கொம்பனி வீடுகள், நீட்டி விரித்த துவாய் ஆறு, குறுக்கே கிடக்கும் கரண்டி பாலம். தெரியாத்தனமாக ஒரு வீட்டைக் கோப்பியில் தோய்த்துத் தின்ற நாளில் அவரது கைத்தடி என் முழங்காலைப் பதம் பார்த்தது. வீட்டைத் தின்றவனுக்கு அது குறைந்த தண்டனை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் சிசிலியிலிருந்து போன சுரங்கக்காரர். அந்தப் பக்கம் கடை, தேவாலயம், பொலிஸ். எல்லாம் கொம்பனியுடையது. வேலைநிறுத்தம் நடந்த ஒரு குளிர்காலத்தில் கொம்பனிக் காவலர்கள் கோடாலிப்பிடிகளோடு வீடு வீடாக இறங்கினார்கள். நீனோவுக்கு ஒன்பது வயது. பாலத்தை நோக்கி ஓடிய தகப்பனை அங்கே நின்ற இன்னொரு கூட்டம் அடித்தே கொன்றது. மண்டை உடைந்த சத்தம் வீடுவரை கேட்டதாம். கதை எப்போதும் அந்தப் பாலத்தில் நின்றுவிடும்.

அன்று புதன்கிழமை. மறுநாள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் என் வதிவிடப் பத்திரத்தை, பெர்மெசோவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் தேவை. கையெழுத்திடக் கிழவரின் மகள் சின்யோரா ரோசா நகரின் கால்சாப் பகுதியிலிருந்து வருவதாக இருந்தார். இன்னொரு முறை தகப்பன் கை நீட்டினால் முதியோர் இல்லம்தான் என்று அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் கிழவருக்கு வீடில்லை, எனக்கு ஒப்பந்தமில்லை. மனைவி சுதா தொலைபேசியில் எச்சரித்தாள்:

"இண்டைக்கு மட்டும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோப்பா. எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டுங்கோ."

"ஓம்" என்றேன். என் ஓமின் பெறுமதி அவளுக்குத் தெரியும்.

இலங்கைப் போரில் வன்னியிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், எங்கே பதுங்கலாம், எதால் ஓடலாம் என்று கண் தானாகத் தேடும். கலியாண வீட்டில்கூட மாப்பிள்ளைக்கு முன்னம் பின்கதவைத்தான் பார்ப்பேன். அன்றும் கிழவரின் கதையில் காவலர்கள் பிஸ்கட் வீடுகளுக்குள் இறங்கியபோது என் விரல் துவாயோரமாக ஊர்ந்தது.

"உங்கட அப்பா பாலத்துக்கு ஏன் போனவர்? வெட்டவெளியெல்லோ. ஆத்துக்குள்ள இறங்கிக் கரையோட குனிஞ்சு போயிருந்தா தப்பியிருக்கலாம்."

கிழவர் வீசிய கோப்பிக் கேத்தல் என் நெற்றியில் வெடித்தது. கொதிக்கும் கோப்பியும் இரத்தமும் ஒன்றாக வழிந்தன. தடி தோளில் விழுந்தது, காதில் விழுந்தது, மறித்த விரல்களில் விழுந்தது.

"பாலத்துக்கு ஓடச் சொல்லிக் கத்தினது நானடா! நான்தான் கத்தினனான்!"

அவர் கத்தியது சிசிலியன் மொழியில். என் காதுக்கு அது வன்னித் தமிழாகவே கேட்டது.

சின்யோரா உள்ளே வந்தபோது நான் தரையில் இருந்தேன்.

"விழுந்திட்டன், சின்யோரா."

"கேத்தலுக்குள்ளயோ விழுந்தனி?"

"நான்தான் அடிச்சனான்" என்றார் கிழவர், மூச்சு வாங்கியபடி. "இவன் சொன்னது சரி." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதால ஓடினனி?"

அரிசி டப்பாவைத் திறந்து, மேசையின் மிச்ச இடத்தில் ஒடுங்கிய மணல்திட்டு ஒன்றைக் கொட்டினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி.

"றோட்டு எங்கை?"

"றோட்டெல்லாம் செல் குண்டு விழுந்தது. தண்ணிக்குள்ள இறங்கினம்."

"ஆர் இறங்கச் சொன்னது?"

"நான். அண்ணாவைக் கையில பிடிச்சு இழுத்தனான்."

"அவன்?"

நீரேரியின் நடுவில் விரலை வைத்தேன். கிழவர் அந்த விரலைப் பார்த்துவிட்டு, தடியை மகளிடம் நீட்டினார்.

"இதைக் கொண்டுபோ. இனி வேண்டாம்."

சின்யோரா ஒப்பந்தத்தை எடுத்தார். மேசையில் இடமில்லாததால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துக் கையெழுத்திட்டார். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. மதியம் மேசையைத் துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவரது ஆறும் என் கடலும் நடுவில் கிடக்க, மூவரும் பாஸ்தாவை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.