குழிக்குள் இறங்கியவர்

எண்பதை நெருங்கியும் அப்பா தறி நெய்வதை விடவில்லை. ஆரணியில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை மாத்திரை கொடுத்து பிரஷர் பார்க்க ஓர் அம்மா வருவார். தடித்த கண்ணாடி, புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. கையில் பட்டையைச் சுற்றுமுன் அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

அந்த மார்கழியில் நானும் ஊருக்கு வந்திருந்தேன். பாதத்தைத் தொட்டவர், "இன்னாங்க பெரியவரே, காலு ஐஸா கீது?" என்றார்.

"நல்ல கம்பளி ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்தேங்க. தொடவே மாட்டேன்றாரு. ஒரே பிடிவாதம்," என்று நான் பொரிந்து தள்ளினேன்.

அந்த அம்மா ஷூவைக் கழற்றிவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கி, அப்பா உட்கார்ந்து நெய்யும் இடத்தில் உட்கார்ந்தார். குழிக்குள் இருந்த மிதிகட்டையில் வெறுங்காலை வைத்தபடி கொஞ்ச நேரம் அசையவில்லை. முன்னால் விரிந்திருந்த பட்டு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பளிப் பிசிறு பட்டுல ஒட்டிக்கும்னுதானே போடல?"

அப்பா தலையாட்டினார்.

"தம்பி, குளிரு குழிலதான் கீது. அந்த ஸ்வெட்டரும் கத்திரிக்கோலும் எடுத்துனு வாங்க."

ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டி, அப்பாவின் கால்களில் முழங்கால்வரை மாட்டிவிட்டார். பட்டு மேலே, கம்பளி கீழே. அதன் பிறகுதான் பிரஷர் பார்த்தார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. தறி வீட்டில் பிறந்தவன் நான். அந்தக் குழி எப்படிக் குளிரும் என்பதை, அவர் போன பிறகு இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.